ஜோடிகளுக்கு மட்டும் மழைக்காலச் சலுகை

தீவு,
ஜூலை 4

கோபித்துக்கொண்டு போன என் மகாராணிக்கு,

செல்போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அடைக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். தவிர, இங்கே சிக்னலும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும் என்றார்கள். ஏறினேன். மழை வந்தது.

படகு கிளம்பும்வரை துறையில் நின்று பார்த்தேன். நீ வரவில்லை. இரண்டு பேருக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பித் தர மாட்டார்கள் என்பதால் ஏறிவிட்டேன். நீ ஆசைப்பட்ட அதே தீவுதான். விளம்பரம் வரும்போதெல்லாம் வெட்டி பீரோ கதவில் ஒட்டி வைப்பாயே, ‘கைக்கு அடக்கமான விலையில் ஒரு சொர்க்கம்’ என்று. சொர்க்கம் எப்படிக் கைக்கு அடக்கமானது என்று வந்த பிறகுதான் தெரிந்தது. வருஷத்தில் மழை விடாத மாதம் பார்த்துச் சலுகை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விலை. மூன்று வாரம் தங்கினால் கடைசி வாரம் பாதி விலை. ஆயுள் தண்டனைக்கும் இப்படி ஏதாவது தள்ளுபடி இருக்கும்.

எரிந்த கடை, நசுங்கிய கார் இவற்றைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சேதக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். என் கண்ணுக்கு இந்தத் தீவு முழுவதும் ஒரே சேதம். ‘கடல் பார்த்த அறை’ என்று போட்டிருந்தார்கள். உண்மைதான். குளியலறை ஜன்னல் பார்க்கிறது. கழிவறைத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால் நானும் பார்க்கலாம். பவளப்பாறை காட்டுகிறேன் என்று அடியில் கண்ணாடி வைத்த படகில் கூட்டிப் போனார்கள். கண்ணாடி கீறிக் கீறி வெளுத்துப்போய், என் முழங்காலின் நிழலைத்தான் பார்த்தேன். அதில் பவளம் எதுவும் இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்த மாட்டின் வாயைத் திறந்து பார்க்கலாம் அல்லவா?

இன்னொரு கூத்து. இந்தச் சலுகை ஜோடிகளுக்கு மட்டுமாம். ஒற்றையாக வந்தவர்களை அவர்களே ஜோடி சேர்த்து அறை கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட்காரர். எதைக் கொடுத்தாலும் “அருமை சார்” என்கிறார். கூரை ஒழுகியபோது, சொட்டுகிற இடத்தில் தன் வாளியை வைத்துவிட்டு, “சத்தம் அருமை சார்” என்றார். அவருக்கு ‘அருமை’ என்றே பெயர் வைத்துவிட்டேன்.

வராமல் தப்பித்தாய். இருந்தாலும் வந்திருக்கலாம்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் கணவன்

*

அக்கா வீடு,
ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே உங்களுக்கு எதுவும் நலமில்லை என்று எழுதியிருப்பதால், நீங்கள் நலமாகவே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

நீங்கள் துறையில் நின்றிருந்த நேரத்தில் அக்கா வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வரலாமா என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று எழுத ஆசை. ஒரு தடவை தோன்றியது. பிறகு அக்கா பெண்ணின் வரவேற்பு ஞாபகம் வந்தது.

நீங்கள் மறந்திருப்பீர்கள். மைக் கிடைத்தால் உங்களுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். மேடையில் ஏறி, “என் மனைவி ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுண்டரில் இருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதை சொல்வது எப்படி தெரியுமா?” என்று ஆரம்பித்தீர்கள். என் குரல், என் கை, நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவது எல்லாம் செய்தீர்கள். “இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க, அவங்க பையில ஒரு பை, அந்தப் பையில ஒரு பை...” மண்டபமே சிரித்தது. ஐஸ்கிரீம் கொடுக்கிறவர்கூட கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். கையும் தட்டினேன். மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது நடப்பது என்னவென்றால், ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது. ஒரு ஆளுக்குப் போதும். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டிருக்கிறாள். நீங்கள் திரும்பி வரும்போது நான் நம் வீட்டில் இருப்பேனா, அங்கே இருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் லிஃப்ட்காரர் நல்ல மனிதராகத் தெரிகிறார். அவரை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பீரோ கதவில் பேப்பர் ஒட்டியவள்

*

தீவு,
ஜூலை 12

மாடி வீட்டு மகாராணிக்கு,

மாடிப் போர்ஷனாம். உன் முட்டி தரைவீட்டு வாசற்படிக்கே முனகும். மாடி ஏறினால் தனியாக ஒரு கச்சேரியே நடக்கும். யோசித்துச் செய்.

என் கோலத்தைக் கேள். கடற்கரைக்கென்று அரை டிரவுசர் வாங்கினேன் அல்லவா? போட்டுக்கொண்டு போனேன். கொக்கு ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக இடம் விட்டது. வயிறு முன்னால் போய்ச் சேர்ந்து, நான் வரும்வரை காத்திருக்கிறது.

எங்கள் கூட்டத்தைச் சொல்லவில்லையே. பாங்கு தம்பதி ஒன்று. சாப்பாட்டுத் தட்டைப் படம் பிடித்த பிறகுதான் பசிக்கும். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. மழை பெய்வதே அவர்களுக்குத் தெரியாது. வழிகாட்டி அம்மாள் ஒருத்தி. “நாளைக்கு வெயில் வரும்” என்பதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. தினமும் அதே மீன், அதே பப்பாளி. ராத்திரிக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று விளம்பரத்தில் இருந்தது. ஜெனரேட்டர் நின்று போவதுதான் அந்த நிகழ்ச்சி.

அதனால் நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் நானே ஒரு நிகழ்ச்சி கொடுத்தேன். அருமையாரைச் செய்து காட்டினேன். லிஃப்ட்டுக்குள் நிற்பதுபோல முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, “மீன் முள்ளு தொண்டையில சிக்கிடுச்சா சார்? அருமை சார். படகு முழுகுதா? அருமை சார், மேல போகுதா, கீழ போகுதா?” பாங்கு அம்மாளுக்குப் புரையேறி, வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். வழிகாட்டி அம்மாள் மேஜையில் கவிழ்ந்தே விட்டாள். அருமையாரும் சிரித்தார். “அப்படியேதான் சார் இருக்கு” என்று எனக்குக் கை கொடுத்தார்.

இன்று காலை பப்பாளி வந்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். “சாப்பிடலாம்” என்றார். அதோடு சரி. மதியம் மேகம் விலகிக் கொஞ்ச நேரம் வெயில் வந்தது. வழிகாட்டி அம்மாள் ஓடிவந்து, “பாருங்க, சொன்னேன்ல” என்றாள். அவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார். இப்போது சாப்பாட்டு மேஜை கப்சிப்பென்று இருக்கிறது. மீன் முன்பைவிட மோசமாகிவிட்டது என்கிறார் பாங்குக்காரர். அதே மீன்தான். என்னமோ நான் சமைத்ததுபோல என்னைப் பார்க்கிறார்கள்.

ஒரு ஜோக்கைத் தாங்கும் சக்திகூட மனிதர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. நீயாவது என் பக்கம் இரு.

இப்படிக்கு,
கொக்குக்குத் தூரத்துச் சொந்தம்

*

அக்கா வீடு,
ஜூலை 16

உங்களுக்கு,

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொக்கு வந்த இடத்தில் இருவரும் சிரித்தோம். லிஃப்ட்காரர் இடத்திலும் சிரித்தோம். எழுத உங்களுக்குத் தெரியும், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. படித்து முடித்த பிறகு அக்கா, “அந்த மனுஷன் அப்புறம் வாயே தொறக்கலையாடி?” என்று கேட்டாள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். கவுண்டரில் நடந்த கதையை நான் உங்களிடம் கடைசியாகச் சொன்னது எப்போது? ஞாபகப்படுத்திப் பாருங்கள். போன மாதமா? போன வருஷமா?

உங்களால் சொல்ல முடியாது. நாம் பழைய வாடகை வீட்டில் இருந்தபோது, உங்கள் ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். அன்றைக்கும் ‘பைக்குள் பை’யைத்தான் செய்து காட்டினீர்கள். அதோடு நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்து, “என்ன விசேஷம்” என்று நீங்கள் கேட்டால், “ஒண்ணுமில்லை” என்பேன். நீங்களும் சரி என்று டிவியைப் போடுவீர்கள். ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற இடத்தில் ஒன்றுமே நடக்காத நாள் இருக்குமா? எத்தனையோ பேர் அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதிருக்கிறார்கள், பாக்கிச் சில்லறையை எண்ணாமல் பேரன் பிறந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் எனக்குள்ளேயே கிடக்கின்றன.

வரவேற்பில் நீங்கள் செய்து காட்டினீர்களே, அவள் எப்போதோ போய்விட்டாள். பக்கத்திலேயே இருந்தும் அது உங்களுக்குத் தெரியவில்லை. எரிந்த கடைக்குச் சேதம் சொல்கிறவர் நீங்கள். நல்ல கண்தான்.

போர்ஷனைப் பார்த்துவிட்டு வந்தேன். மாடிப்படி செங்குத்து, முட்டி முனகியது, உண்மை. இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கிண்டல் இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். யாரையும் செய்து காட்டாமல், உங்களையும் கேலி செய்துகொள்ளாமல். அரைப் பக்கம் போதும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மாளுக்குப் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நான்

*

தீவு,
ஜூலை 20

அன்புள்ள மனைவிக்கு,

பலமுறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்று காலை மழை இல்லை. கடல் பச்சையாக இருந்தது. கரையில் நிறையச் சிப்பிகள் ஒதுங்கியிருந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நீ இருந்திருந்தால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருப்பாய்.

லிஃப்ட்காரர் தனியாக ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “கடல் இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் யாராவது நின்று சிரிக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

“உண்மையாத்தான் சொல்றேன்” என்றேன்.

“இன்னைக்கு வேணாம் சார்” என்றார்.

“இல்ல சார், நான் செஞ்சு காட்டல.”

“பரவாயில்ல சார். சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது செய்யுங்க.”

எழுந்து போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. ஆனால் பையில் பை வைத்திருந்த அம்மாள் ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பையில் என்ன இருந்தது என்று நீ சொன்னதே இல்லை. அதற்குள் நான் சிரித்துவிட்டிருப்பேன். என்ன இருந்தது?

வீட்டுக்கு வா. நான் வருகிற படகு இருபத்தைந்தாம் தேதி கரை சேரும்.

இப்படிக்கு,
உன் கணவன்

*

அக்கா வீடு,
ஜூலை 24

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தீவுக்கு அனுப்பவில்லை. நீங்கள் நாளைக்கு வந்துவிடுவீர்கள் என்பதால் நம் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

உங்கள் கடிதத்தில் கிண்டல் இல்லை. தேடிப் பார்த்தேன். சிப்பி வந்தபோது, இதோ வரப்போகிறது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. புடவை வந்தபோது, இப்போது என்னைச் செய்து காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. கடைசி வரிவரை காத்திருந்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். பிறகு அக்காவிடம் கொடுத்தேன்.

“உண்மையாத்தான்டி எழுதியிருக்கார்” என்றாள்.

“ஆமாக்கா.”

“அப்புறம் என்ன, கிளம்பு.”

“அந்த லிஃப்ட்காரர் மாதிரி நானும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே இருப்பேன்க்கா. யார் சிரிக்கப்போறாங்கன்னு.”

அக்கா குனிந்தாள். என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்தாள்.

போர்ஷனுக்கு நேற்று முன்பணம் கொடுத்தேன். படியில் ஏறும்போது பாதியில் மூச்சு வாங்க நின்றேன். வீட்டுக்கார அம்மாள் கீழிருந்து, “ஆஸ்பத்திரியிலயா வேலை? அங்க தினம் என்னென்னவோ நடக்குமே” என்று கேட்டாள். சும்மா கேட்டாளோ என்னவோ. அப்படியே படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அவளும் இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டாள். விளக்குப் போடும் நேரம்வரை சொன்னேன். நடுவில் அவள் கேட்டதெல்லாம், “அப்புறம்?” என்பது மட்டும்தான்.

கடைசிப் பையில் ஒரு குழந்தைக் குல்லா இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. குழந்தை தங்கவில்லை.

போர்ஷன் விலாசத்தை இதில் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கடிதம் போடுவீர்கள். நன்றாக எழுதுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படித்தால் சிரித்துவிடுவேன். சிரித்தால் வந்துவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி கவுண்டர்க்காரி