தரவையில் தூக்கிய தொப்பி

உமது சிவப்புத் தொப்பி என் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்கிறது. மத்தியானம் பெய்த மழையில் நனைந்துவிட்டது. கடைசிப் படகும் போய்விட்டது. பின்னேர வெயில் பட்டதும் டீசலும் வியர்வையும் கலந்த உமது மணம் வண்டி முழுக்க எழுகிறது. செத்த பிறகும் என் வாகனத்தில் இடம் பிடித்துவிட்டீர்.

நெடுந்தீவு இறங்குதுறையில் சுற்றிப் பார்க்க வருபவர்களை வண்டியில் ஏற்றுவதில் நாம் இருவரும் எதிரிகள். படகு அணையும் முன்பே உமது குரல் கேட்கும். "குதிரை, கோட்டை, பெருக்கமரம்! வாங்கோ, ஏறுங்கோ!" நான் அதைவிட உரக்கக் கத்துவேன். தார் காணாத கல்லுப் பாதையிலும் புல்வெளித் தரவையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் தீவைக் காட்டுவதில் உம்மைவிட நான்தான் கெட்டிக்காரன். அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன். தரவையில் திரியும் காட்டுக் குதிரைகள் எந்த நேரம் எங்கே தண்ணீர் குடிக்க வரும் என்பது எனக்குத்தான் தெரியும். சேறு மட்டும் உமக்குத்தான் தெரியும்.

அந்த மாரிகாலத்து நாளை மறப்பேனா? என் வண்டியில் கலப்புக் கூட்டம். கனடாவிலிருந்து வந்த ஓர் அக்கா, தமிழ் தெரியாத அவவின் மகள், நயினாதீவுக்குக் கும்பிட வந்து அப்படியே இங்கும் எட்டிப் பார்த்த சிங்களத் தம்பதி, இரண்டு ஜேர்மன்காரர். குதிரைகளிடம் உம்மை முந்திவிடலாம் என்று பாதையை விட்டுத் தரவைக்குக் குறுக்கே விட்டேன். மேலே காய்ந்து வெளுத்த நிலம், கீழே களி. பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கிவிட்டன.

கடைசிப் படகுக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. கனடா அக்காவுக்கு மறுநாள் கொழும்பில் பிளேன். ஆட்களைப் படகுக்குப் பிந்தவிட்டவன் என்று பெயர் எடுத்தால் பிறகு என் வண்டியில் யார் ஏறுவார்? அந்த வண்டிதான் என் வீட்டுச் சோறு.

நீர் உமது ஆட்களைத் துறையில் இறக்கிவிட்டு, என்னைக் காணவில்லை என்று தேடி வந்தீர். இறங்கியதும் முதல் கேள்வி, "என்ன ஐசே, குதிரைக்குப் பதிலா வண்டியே தண்ணி குடிக்குதோ?"

உமது வண்டியை இறுகிய நிலத்தில் நிறுத்திக் கயிறு கட்டினீர். எல்லாரும் பின்னால் நின்று தள்ள வேண்டும். நான் ஒன்று, இரண்டு என்றேன். சிங்கள ஐயா தன் மொழியில் எண்ணினார், ஜேர்மன்காரர் தங்கள் மொழியில். ஒருவர் தள்ளும்போது மற்றவர் மூச்சு வாங்கினார். வண்டி இன்னும் இறங்கியது.

"ஒருத்தரும் எண்ண வேண்டாம்," என்று கத்தினீர். "நான் தொப்பியைத் தூக்கினா எல்லாரும் தள்ளுங்கோ." சைகையாலும் செய்து காட்டினீர். பிறகு உமது வண்டியில் ஏறி, சன்னலால் கையை நீட்டினீர். மூன்றாம் முறை அந்தச் சிவப்புத் தொப்பி எழும்பியபோது என் வண்டியும் எழும்பியது. உடம்பெல்லாம் சேற்றோடு எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

துறையில் எங்களுக்காகக் காத்து நின்ற படகோட்டி என்னை ஏசத் தொடங்கினான். நீர் இடையில் புகுந்தீர். "அவரை ஏசாதை. நான்தான் வழியில மறிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டனான்." உமக்கும் எனக்கும் முழங்கால்வரை சேறு. நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை என் வண்டியில் ஏறப்போன இருவரை நீர் இழுத்துக்கொண்டு போனபோது, வாய் நிறைய ஏசினேன். அப்பாடா என்றிருந்தது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு என்று படகேறிய நீர் நடந்து திரும்பி வரவில்லை. செத்தவீட்டில் உமது மனைவிதான் தொப்பியைத் தந்தா. "ஒவ்வொரு நாளும் உங்களைத்தான் ஏசுவார். இதை நீங்களே வைச்சிருங்கோ." அங்கே நான் அழவில்லை. அடுத்த நாள் படகு வந்தபோது துறையில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அப்போதுதான் அழுதேன்.

இப்போது எந்த மொழிக்காரர் வந்தாலும் தொப்பியால்தான் பேசுகிறேன். தூக்கினால் ஏற வேண்டும். நெஞ்சோடு வைத்தால் குதிரை நிற்கிறது, சத்தம் போடக்கூடாது. உம்மைவிட நன்றாகவே செய்கிறேன்.

இன்று, புதிதாக வண்டி ஓட வந்த ஒரு பெண் தன் கூட்டத்தோடு துறைக்குப் பிந்தி வந்தாள். முழங்கால்வரை சேறு. அதே படகோட்டி வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போய் நின்றேன். "பிள்ளையை ஏசாதை. நான்தான் வழியில மறிச்சுக் கதைச்சனான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தான்.

"உந்தத் தொப்பி முந்தியும் இதைத்தான் சொன்னது," என்றான்.

அன்றும் அவன் உம்மை நம்பவில்லை, ஐசே. ஆனாலும் அன்றுபோலவே, கடைசி ஆள் ஏறும்வரை இன்றும் அவன் படகின் கயிற்றை அவிழ்க்கவில்லை.