அலறலுக்கு எழுந்து நிற்கிறவர்கள்

ஜூன் 9, திங்கள்

இன்று என் மானம் கப்பலேறியது.

புதிய தலைமையாசிரியை வந்தபின் முதல் ஆசிரியர் கூட்டம். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். அவர் நேரந்தவறாமை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது என் பைக்குள்ளிருந்து ஒரு பெண் வீறிட்டு அலறினாள். என் ரிங்டோன். ‘சாம்பல் மனிதன் வருகிறான்’ படத்தில் ரொட்டி அடுப்புக்குள்ளிருந்து சாம்பல் மனிதன் எழுந்து வருவதைப் பார்த்துக் கதாநாயகி போடும் அலறல். முப்பது வருடத்துக்கு முந்தைய படம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. எனக்கு உயிர்.

சாவிக்கொத்து, சீப்பு, சாக்பீஸ் எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, ஃபோனைக் கண்டுபிடித்து அணைப்பதற்குள் அவள் ஒரு முறை அலறி முடித்து, மறுபடியும் தொடங்கிவிட்டாள். பிசிக்ஸ் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கூப்பிட்டது என் வீட்டுக்காரர். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதாம். அதைச் சொல்ல வேறு நேரம் கிடைக்கவில்லை அந்த மனிதருக்கு.

தலைமையாசிரியை சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. “அதை ஆஃப் பண்ணுங்க டீச்சர்” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூன் 10

ரிங்டோனை மாற்றிவிட்டேன். இப்போது வெறும் மணி அடிக்கிறது. யார் வீட்டு ஃபோனோ என்று இரண்டு முறை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

ஜூன் 17

எழுதினால்தான் தூக்கம் வரும்.

படத்தில் அந்த அலறல் முடிந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார் போல. கதாநாயகி கேமராவுக்கு வெளியே யாரையோ ஓரக்கண்ணால் பார்ப்பாள். ‘போதுமா?’ என்று கேட்கிற பார்வை. அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். படத்திலேயே எங்கள் ரசிகர் குழுவுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

இன்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசி முடித்தார். பேசி முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

அதே பார்வை.

வீட்டுக்கு வந்ததும் கேசட்டைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகவாய், மூக்கு, இடது புருவம் மட்டும் ஏறுவது. முடி நரைத்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “நீ பாக்குற பார்வைக்கு அந்தம்மா டிவிய விட்டு எறங்கி ஓடிடப்போறாங்க” என்றார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அவருடைய லிஃப்ட் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

அவங்கதான். அவங்களேதான். கடவுளே, நான் ரிங்டோன் வெச்சது அவங்க குரலையா?

ஜூன் 21, சனி

ரசிகர் குழுவின் மாதாந்திரக் கூட்டம். அச்சகத்து மாடியில் நாங்கள் ஏழு பேர், பழைய காமிக்ஸ் பெட்டிகள், ஒரு புரொஜெக்டர். எங்களுக்குத் தலைவர் ‘ரீல்’, நாங்கள் வைத்த பட்டப்பெயர். தியேட்டரில் படம் ஓட்டியவர், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பெயருக்கு ஏற்றபடி கொஞ்சம் ரீலும் விடுவார். இன்று அவர் ரீல் விடவில்லை. அடுத்த மாதம் படத்துக்கு முப்பது வயது, அதற்குள் கதாநாயகியைக் கண்டுபிடித்தே தீருவேன் என்றார். டைட்டிலில் இருப்பது படக் கம்பெனி வைத்த பெயர். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மனிதர் வருடக்கணக்காக அலைகிறார்.

வழக்கம்போல அடுப்புக் காட்சியைப் போட்டார்கள். வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்று அவளோடு சேர்ந்து அலறினார்கள். எங்கள் சடங்கு அது. அவளோடு கடைசிவரை ஒரே மூச்சில் போனவர் இதுவரை யாருமில்லை. நான் இன்று வாயை மட்டும் அசைத்தேன். “என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?” என்றார் ரீல்.

நாக்கு நுனியில் இருந்தது. கடித்துக்கொண்டேன்.

ஜூன் 27

தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆய்வகத்துக்கு அமிலம் வாங்குவது பற்றி என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அன்னிக்கு உங்க ஃபோன்ல வந்த சத்தம், எங்க கிடைச்சுது?”

“ஒரு பழைய படம் மேடம்.”

“பிடிக்குமா?”

“உயிர் மேடம்.”

கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “சிரிக்கிறதுக்காகப் பாக்குறீங்களா?” என்றார்.

வாயைத் திறந்தேன். மணி அடித்தது. “கிளாஸுக்குப் போங்க” என்றார்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இனி எப்படி அந்தப் பள்ளிக்கூடத்தில் நடமாடுவேன்?

ஜூலை 1

சிரிக்கிறதுக்காகத்தானா?

ஆமாம். சிரிப்பேன். பேயின் இடுப்பில் கட்டிய கயிறு தெரியும், சாம்பல் என்று கொட்டியது மைதா மாவு, தும்மல் வந்து பேயே தடுமாறும். யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஆனால் அவளைப் பார்த்து? அவள் ஒருத்திதான் அந்தப் படத்தை நம்பி நடித்தவள். சுற்றி எல்லாமே மாவும் கயிறுமாக இருக்க, உயிர் போகிறமாதிரி அலறினாளே. அதற்காகத்தானே இத்தனை வருடம் பார்க்கிறேன்.

அல்லது இப்போது இப்படிச் சொல்லிக்கொள்கிறேனா? முதல் தடவை பார்த்தபோது அவளைப் பார்த்தும் விழுந்து விழுந்து சிரித்தேன். பொய் எழுத என்ன இருக்கிறது இங்கே.

ஜூலை 5, சனி

ரீல் கெடுத்தார் காரியத்தை. படத்திலிருந்து அவள் முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் கொடுத்து முப்பது வயது கூட்டி, ‘இவரை எங்காவது பார்த்தீர்களா?’ என்று இணையத்தில் போட்டுவிட்டார். அலறல் காட்சியும் கூடவே. அச்சு அசல் எங்கள் தலைமையாசிரியை. கண்ணாடி ஒன்றுதான் பாக்கி.

கடைக்கு ஓடினேன்.

“அண்ணே, அந்தப் போட்டோவ எடுத்துடுங்க.”

“ஏன்?”

“சம்பந்தமில்லாத யாரையாவது போய்த் தொல்லை பண்ணுவாங்க.”

“சம்பந்தம் இருக்கிறவங்களும் ஒருத்தங்க இருப்பாங்கல்ல? ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன் தங்கச்சி. வேற எதுவும் வேணாம் எனக்கு.”

காரணத்தைச் சொன்னால் எடுத்துவிடுவார், ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். என்ன செய்வது என்று புரியாமல் நின்று, எனக்குத் தேவையே இல்லாத ஒரு கண்ணாடிக் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தேன். கோழை.

ஜூலை 14, திங்கள்

நடந்துவிட்டது.

இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடைபாதையில் நின்று அலறினாள். அந்த அலறல். உடனே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மாடியிலிருந்து பதில் அலறல் வந்தது. தலைமையாசிரியையின் அறைக்கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

ஆசிரியர் அறையில் பிசிக்ஸ் டீச்சர் ஃபோனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். “மாவுல குளிச்ச பேயப் பாத்து நம்ம மேடம் என்னமா கத்துறாங்க பாருங்கப்பா!”

“வாய மூடுடி” என்று கத்திவிட்டேன். இத்தனை வருடத்தில் அவளை ‘டி’ போட்டதில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ரீலுக்கு ஃபோன் செய்து, அழுதுகொண்டே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடனே எடுத்துவிட்டார். “மொதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி” என்றார். “சொல்லியிருந்தா மறுநாளே ஸ்கூல் வாசல்ல மாலையோட நின்னிருப்பீங்க” என்றேன். எடுத்து என்ன பயன், பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கிறது.

ஜூலை 15

“நீங்கதானே?” தலைமையாசிரியை நின்றுகொண்டே கேட்டார்.

“நான் போடல மேடம். ஆனா எங்க ஆளுங்கதான்.”

ஏழு பேரைப் பற்றி, மாடியைப் பற்றி, எழுந்து நிற்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஏதோ தொற்று நோயைப் பற்றிக் கேட்கிறமாதிரி கேட்டார். பிறகு உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“அந்த சீன் முடிஞ்சதும் செட்ல எல்லாரும் கை தட்டினாங்க. நல்லாப் பண்ணிட்டோம்னு நெனச்சேன். படம் வந்தப்போ அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். அம்மாவும் சிரிச்சாங்க டீச்சர். அடக்க முடியாம, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு.”

வேலையை விடப்போகிறாராம். திங்கட்கிழமை கடிதம் கொடுக்கப்போகிறாராம். இதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடம் மாறியதும் இதற்குப் பயந்துதானாம்.

“சனிக்கிழமை அங்க வாங்க மேடம். நாங்க எப்படிப் பாக்குறோம்னு நீங்களே பாத்துட்டு அப்புறம் குடுங்க.”

“சிரிக்கிறவங்க நடுவுல வந்து உக்காரச் சொல்றீங்களா?”

“ஆமா மேடம்.” வாய் தவறி வந்துவிட்டது. வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஜூலை 16

எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

வந்தார்.

வரமாட்டார் என்று நினைத்துப் படத்தைப் போட்டுவிட்டோம். டைட்டில் ஓடும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து, பாதியில் எழுந்து போகத் தோதாகக் கதவோரம் உட்கார்ந்தார். புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற ரீல் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். கும்பிடு போடுகிறேன் என்று இத்தனை வருடம் குதித்த மனிதர் இடத்தை விட்டு அசையவில்லை.

யாரும் சிரிக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். படுபாவி நான். மாவு கொட்டியது, யாரும் சிரிக்கவில்லை. பேய் தும்மியது, யாரும் சிரிக்கவில்லை. பரீட்சை ஹால் தோற்றது. அந்த மௌனத்தில் படம் நிஜமாகவே மட்டமாகத் தெரிந்தது. பின்னால் கைப்பையின் ஜிப் திறந்து மூடும் சத்தம். போகப்போகிறார், இதோ போகப்போகிறார் என்று முதுகெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“கயிறு தெரியுதே. யாருமே பாக்கலையா?”

ஏழு தலைகளும் திரும்பின.

“பேயா நடிச்ச ஆள் அன்னிக்கு ரெண்டு தடவ கயிறு அறுந்து விழுந்தாரு. அடுப்புக்குள்ளயே. நான்தான் கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டேன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு அடக்க முடியாமல். ரீல் வெடித்தார். அப்புறம் மாடியே அதிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வர வர எல்லோரும் சிரித்தோம், அவர் சிரித்ததுதான் அதிகம்.

அடுப்புக் காட்சி வந்தது. சிரிப்பு தானாக நின்றது. ஏழு பேரும் எழுந்து நின்றோம். அவள் அலறினாள், நாங்களும். ஒவ்வொருவராக மூச்சுத் தீர்ந்து இருமிக்கொண்டு உட்கார்ந்தோம். கடைசியாக ரீலும் உட்கார்ந்தார். அதற்கு அப்புறமும் திரையில் அவள் மட்டும் அலறிக்கொண்டிருந்தாள்.

விளக்கைப் போட்டபோது கதவோரம் நாற்காலி காலி. எப்போது போனார் என்று தெரியவில்லை. எதைப் பார்த்துவிட்டுப் போனார் என்றும் தெரியவில்லை. நாளை மறுநாள் திங்கள்.

ஜூலை 21, திங்கள்

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக் முன்னால் வந்து நின்றதுமே பின்வரிசையிலிருந்து அலறல். பெண்கள் வரிசையில் சிரிப்பு அலையாக எழுந்தது. பிசிக்ஸ் டீச்சர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். அலறல் முடியும்வரை காத்திருந்தார்.

“முடிஞ்சுதா? பாதியிலேயே மூச்சு போயிடுச்சு. நான் அதவிட நல்லாப் பண்ணியிருந்தேன்” என்றார்.

மைதானமே சிரித்தது. அவர் தடுக்கவில்லை, அது அடங்கும்வரை நின்றுவிட்டு, அடுத்த பருவத் தேர்வுக்கான தேதிகளைப் படிக்கத் தொடங்கினார்.

கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. மதியம் நடைபாதையில் என்னை நிறுத்தி, அடுத்த வருடத்துக்கு ஆய்வகத்தில் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

அதற்குப் பிறகு இன்று பள்ளிக்கூடத்தில் யாரும் அலறவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.