தேவையில்லாத விவரங்கள்

அங்கமாலி
2 ஜூன் 2019, ஞாயிறு

அன்புள்ள இச்சாயனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கட்டப்பனையில் பஸ் ஏறியதிலிருந்து மூவாற்றுப்புழை வரை தூக்கம்தான். விடுதி மாடியில் ஓர் அறைக்கு ஆறு பேர், ஆறு பேரும் நர்சுகள். எனக்கு முப்பத்தாறு வயது என்று தெரிந்ததும் எல்லாரும் சேச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்க்கட்டிலையும் கொடுத்துவிட்டார்கள், வயதுக்கு அந்த ஒரு மரியாதை.

கைபேசியை வார்டன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிறு மதியம் அரை மணி நேரம் தருவார். அதில் இருபத்தைந்து நிமிடம் ஆன்மோளுக்குப் போய்விடும் என்று இன்றைக்கே தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் "போனை அப்பாகிட்ட குடு" என்று எப்படிச் சொல்வது. அதனால் எழுதுகிறேன். ஆங்கில வகுப்பு எடுக்கும் வர்க்கி சாரும் தினம் ஒரு கடிதம் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். எந்த மொழியிலும் எழுதலாம், யாருக்கும் எழுதலாம், பரீட்சையில் கை வலிக்காமல் இருக்க வேண்டுமாம்.

என் பழைய மதிப்பெண்களைப் பார்த்தார். கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் ஒவ்வொரு தடவையும் தேறியிருக்கிறேன். எழுதுவதில் முதல் தடவை 330, பிறகு இரண்டு தடவையும் 340. வேண்டியது 350. "பத்து மார்க்குக்காகவா மோளே ரெண்டு வருஷமா நடக்குற" என்றார். அவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைத் தருவார்கள். அதைப் படித்து இன்னொரு டாக்டருக்கோ நர்சுக்கோ நாற்பத்தைந்து நிமிடத்தில், இருநூறு வார்த்தைக்குள் கடிதம் எழுத வேண்டும். வாசிக்கிறவருக்குத் தேவையானது மட்டும்தான் அதில் இருக்கலாம். நான் எல்லாவற்றையும் எழுதித் தொலைக்கிறேன். இன்று இடுப்பு எலும்பு முறிந்த ஒரு கிழவர். அவர் ஒரு பூனையோடு தனியாக இருக்கிறார் என்று எழுதினேன். சார் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "பிசியோதெரபிஸ்ட் பூனைக்கா பயிற்சி குடுக்கப் போறாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் பதினான்கு வருஷம் வார்டில் நின்றவள். பூனைக்குச் சோறு வைக்க ஆளில்லை என்றால் அந்தக் கிழவர் மூன்றாம் நாள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் எனக்கான இடத்தை டிசம்பர் வரைதான் வைத்திருப்பார்கள். மற்றத் தாள்கள் எல்லாம் தயார், இந்த ஒரு பரீட்சைதான் பாக்கி. இனி ஐந்தாம் தடவை கிடையாது இச்சாயா. நீங்களும் எழுதுங்கள், இங்கே எனக்கு வாசிக்க நோயாளிகளைத் தவிர யாரும் இல்லை.

உங்கள்
டெல்மா


கட்டப்பனை
6 ஜூன் 2019

டெல்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் ராஜப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ன சிபிச்சா, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா, கடுதாசியெல்லாம் வருது" என்று கேட்டார். கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும்.

பத்தாம் வகுப்பை விட்டபிறகு டீசல் சீட்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் பேனா பிடித்ததில்லை. பெரிதாகத்தான் தொடங்குகிறேன், வரி முடிவதற்குள் எறும்பு அளவுக்குப் போய்விடுகிறது. உன் சார் பார்த்தால் என்னையும் சேர்த்து உட்கார வைத்துவிடுவார்.

ஆன்மோள் நன்றாக இருக்கிறாள். நேற்று கருவாடு வறுத்தேன், மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. காலையில் பால் தீய்ந்ததும் அவள் வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. மழை தொடங்கிவிட்டதல்லவா, ஜலதோஷமாக இருக்கும். வலது தோள் பழையபடி இறுக்கிப் பிடித்திருக்கிறது. பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் திருப்பிய தோள், கொஞ்சம் முறுக்கிக்கொள்ள அதற்கும் உரிமை உண்டு.

ஏலத் தோட்டத்துக்கு என் ஜீப்பில் வருகிற கம்பத்துப் பெண்கள் எல்லாரும் உன் பரீட்சையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாண்டியம்மா கேட்கிறாள்: "ஏண்ணே, நர்சம்மா இங்கிலீசு தெரியும்னு காட்டவா பரிச்ச எழுதுது? எங்களுக்கு ஊசி போடயில எல்லாம் தமிழ்லதான வஞ்சுச்சு." அதையும் ஒரு மொழித் திறமையாக எடுத்துக்கொள்ளச் சொல் உன் சாரிடம்.

பூனையை எழுதாதே. அந்தக் கிழவர் எக்கேடு கெட்டால் நமக்கென்ன.

சிபிச்சன்


அங்கமாலி
13 ஜூன் 2019

அன்புள்ள இச்சாயனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசிக்க ஜன்னலுக்குப் போக வேண்டியிருந்தது. காகிதம் என்ன விலை விற்கிறது என்று இப்படிச் சிக்கனம் பிடிக்கிறீர்கள். கடைசி நாலு வரியை அறையில் ஒருத்தியாலும் படிக்க முடியாமல், பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வாங்கி வந்தோம். எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். இங்கே வந்தபிறகு நான் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

நேற்று பயிற்சிப் பரீட்சையில் மறுபடி 340. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் ஒருத்தி 380 வாங்கினாள். அவள் வார்டில் மொத்தம் எட்டு மாதம்தான் வேலை பார்த்திருக்கிறாள். நோயாளிகளை அதிகம் பார்க்காததுதான் அவளுக்கு வசதியோ என்று தோன்றுகிறது. நான் ஒரு வரியை அடிக்கும்போது ஓர் ஆளையே அடிக்கிறேன். இதைச் சாரிடம் சொன்னேன். "ஆளை அடிக்கலம்மா, விவரத்தை அடிக்கிற" என்றார். எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடமாட்டேன் என்கிறது.

தோளுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். ஜீப்பை ஒரு வாரம் நிறுத்தினால் தோட்டம் ஓடிப்போகாது. விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
டெல்மா


கட்டப்பனை
19 ஜூன் 2019

டெல்மாவுக்கு,

நாங்கள் சுகம். ஜீப் நன்றாக ஓடுகிறது. மழை பலமாக இருக்கிறது. ஆன்மோள் கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். இப்போதெல்லாம் என் சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிடுகிறாள், அது அவளுக்கு ஒரு விளையாட்டு.

உன் சாருடைய விதியை நானும் கடைப்பிடிக்கிறேன். வாசிக்கிறவருக்குத் தேவையானது மட்டும். நீ படி.

சிபிச்சன்


அங்கமாலி
28 ஜூன் 2019

இச்சாயா,

இன்று ஒரு குறிப்பு கொடுத்தார்கள். ஐம்பது வயது ஆள், பள்ளிக்கூட ஆசிரியர். இரண்டு வருஷமாக வாசனை தெரிவதில்லை. வலது தோள் இறுக்கம், வயது காரணம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நடக்கும்போது ஒரு கை வீசுவதில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. எழுத்து வரவரச் சிறுத்துப்போகிறது. கை நடுக்கம் இல்லாததால் யாரும் சந்தேகப்படவில்லை. அவரை நரம்பு டாக்டரிடம் அனுப்பக் கடிதம் எழுத வேண்டும்.

முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். சார் படித்துவிட்டு வகுப்பிலேயே எழுந்து நின்றார். "இதான். ஒரு வார்த்தை கூடுதலும் இல்ல, ஒரு வார்த்தை குறைவும் இல்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

பிறகு உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாம் தேதிக் கடிதத்துக்கே கண்ணாடி தேவைப்பட்டது. பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தில் நீங்கள் முதல் வார்த்தையிலிருந்தே எறும்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அறையில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சிரித்தேனே, அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. யாரோ ஒருவர் வார்டில் கால் இழுத்து நடந்தால் கதவருகில் நின்றே கண்டுபிடிப்பேன். என் வீட்டில் என் பக்கத்தில் படுக்கிற ஆளை நான் பார்க்கவில்லை.

காப்பிப் பொடியை மூக்கருகில் வைத்துப் பாருங்கள். முற்றத்தில் இருபது அடி நடங்கள், இரண்டு கையும் வீசுகிறதா என்று ஆன்மோளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். இன்றைக்கே வரவா என்று தெரியவில்லை. வார்டனிடம் போன் கேட்டேன், கொடுத்தார், அடித்தேன், மழையில் உங்கள் பக்கம் இணைப்பே இல்லை.

டெல்மா


கட்டப்பனை
2 ஜூலை 2019

டெல்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும், அதனால் மறைக்க ஒன்றும் இல்லை.

ஜூன் பத்தாம் தேதி, தோட்டத்து வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க நினைத்தேன், கை வரவில்லை. நினைத்ததற்கும் கை வந்ததற்கும் நடுவில் ஜீப் போய் மண்மேட்டில் உரசி நின்றது. மறுபக்கம் பள்ளம். உள்ளே பதினொரு பெண்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாண்டியம்மா இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீ தண்ணி போடுற ஆளும் கெடையாது. ஒனக்கு ஒடம்புல என்னமோ இருக்கு, வீட்டுல சொல்லு" என்றாள். அன்றைக்கே சாவியை டிரைவர் மனோஜிடம் கொடுத்துவிட்டேன். ஜீப் நன்றாக ஓடுகிறது என்று நான் எழுதியது பொய்யில்லை, ஓட்டுவது நான் இல்லை, அவ்வளவுதான்.

பதினான்காம் தேதி இங்கே டாக்டரைப் பார்த்தேன். நடுக்குவாதமாக இருக்கலாம், கோட்டயம் போய் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். கை நடுங்கவே இல்லையே டாக்டர் என்றேன். சிலருக்கு முதலில் அப்படித்தான் என்றார். நாற்பத்துமூன்று வயதில் வருமா என்று கேட்டேன். அவர் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

உனக்கு எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாய். வந்து என்ன செய்வாய்? என் பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய். பரீட்சை போகும், டிசம்பரும் போகும், எனக்கு இது போகாது. நான் ஸ்டியரிங் பிடிக்க முடியாத வீட்டில் நீயாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும். எனக்கு உன்னை அனுப்பவும் மனசில்லை, இருக்கச் சொல்லவும் வழியில்லை. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வா. அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

சிபிச்சன்

காப்பிப் பொடி வைத்துப் பார்த்தேன். டப்பா காலியாக இருக்கிறதோ என்று திறந்து பார்க்க வேண்டியிருந்தது.


கொச்சி
13 ஜூலை 2019, சனி

அன்புள்ள இச்சாயனுக்கு,

பரீட்சை முடிந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் ஆன்மோள் முன்னால் அழுதுவிடுவேன்.

கால் புண்ணோடு ஒரு பாட்டி வந்தாள். தனியாக இருக்கிறாள், தோட்ட வேலையில் ஆசை, புருஷன் இறந்து மூன்று மாதம் என்று குறிப்பில் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றப்போகிற நர்சுக்குக் கடிதம். தோட்டத்தை அடித்தேன். ஆசையை அடித்தேன். பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டேன். இந்தத் தடவை தேறிவிடுவேன் இச்சாயா, எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. நாலு தடவை கும்பிட்டுக் கேட்டது இப்போது கைக்கு வந்திருக்கிறது, அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கூடவே கோட்டயம் நரம்பு டாக்டருக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வைத்திருக்கிறேன். நூற்று எண்பத்தாறு வார்த்தை. சிபிச்சன், வயது 43, ஓட்டுநர். எது எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், என்ன மருந்து, எல்லாம் வரிசையாக இருக்கிறது. நான் வீட்டில் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் வளைவுகளில் எல்லாரையும் பாட்டை நிறுத்தச் சொல்வீர்கள் என்று அதில் எழுதவில்லை. ஆன்மோள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றதை எழுதவில்லை. நான் மூன்று தடவை தோற்று வந்தபோதும் முதலில் "சாப்டியா" என்று மட்டும் கேட்டதை எழுதவில்லை. டாக்டருக்கு அது எதற்கு. எனக்குத்தான் வேண்டும்.

உங்களுக்கு ஒரு நாலுகோட்டு நோட்டு வாங்கியிருக்கிறேன், ஆன்மோள் எழுதுவதுபோல. இந்த நோய்க்காரர்கள் கோட்டுக்குள் பெரிதாக எழுதிப் பழக வேண்டும். தினம் ஒரு பக்கம். நான் எங்கே இருந்தாலும் அது எனக்கு வர வேண்டும். மேல்கோட்டைத் தொட்டு எழுதுங்கள்.

உங்கள்
டெல்மா


கட்டப்பனை
19 ஜனவரி 2020, ஞாயிறு

டெல்மாவுக்கு,

பெரிதாக எழுதினால் பக்கத்துக்கு ஏழு வரிதான் வருகிறது. அதனால் தேவையானதை மட்டும் எழுதுகிறேன்.

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. பொத்தானை நானே போடுகிறேன், மேல் பொத்தான் மட்டும் ஆன்மோள். மனோஜ் ஜீப்பைக் கழுவுவதே இல்லை. இங்கிலாந்தில் குளிர் என்று போனில் சொன்னாய், காலுறை போட்டுத் தூங்கு. நீ எப்போது எங்களைக் கூப்பிடுவாய் என்று ராஜப்பன் கேட்டார். விசாத் தாள் வர வேண்டும் என்றேன். வரும்போது நான் எப்படி இருப்பேனோ, அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. உன் சார் பார்த்தால் அடித்துவிடுவார்.

நீ போய் ஐந்து வாரமாகியும் உன் தலையணை உறையைத் துவைக்க ஆன்மோள் விடமாட்டேன் என்கிறாள். அதில் உன் வாசனை இருக்கிறதாம். தினமும் படுக்கும்முன் முதலில் அவள் முகர்ந்துவிட்டு, பிறகு என் மூக்கில் வைத்து, "வருதா அப்பா?" என்று கேட்கிறாள்.

வருது என்று சொல்கிறேன்.

சிபிச்சன்