எதிர்க் கதிரை

கன்னத்தைக் கழுவிவிட்டுத்தான் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சவர்க்காரம் போட்டும் அந்த வாசனை போகவில்லை. யாரோ ஒரு ஜேர்மன்காரர் சவரம் செய்தபின் பூசிக்கொண்டது. நீங்கள் போய் ஒரு வருசமாகவில்லை, உங்கள் ஆட்டைத் திவசம்கூட இன்னும் வரவில்லை. அதற்குள் இன்று பின்னேரம் நான் டாங்கோ ஆடிவிட்டு வந்திருக்கிறேன். "டொக்டரைப் பார்க்க டெர்மின் இருக்கு மச்சாள்" என்று உங்கள் தங்கைக்குப் பொய்யும் சொன்னேன்.

இந்தக் கூத்தைத் தொடக்கிவைத்ததே நீங்கள்தான். டோர்ட்மண்ட் மாலை வகுப்பில் நான் ஜேர்மன் படித்த காலத்தில், என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்பீர்கள். பக்கத்து அறையில் டாங்கோ வகுப்பு நடக்கும். ஒரு நாள் ஆண்கள் போதவில்லை என்று அந்த ஆசிரியை உங்களை உள்ளே இழுத்துவிட்டாள். நான் வெளியே வந்து பார்த்தால், ஒரு வெள்ளைக்காரியை அணைத்தபடி என் மனுசன்! பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இராமல் முன் இருக்கையில் போய் இருந்தேன். அடுத்த டாங்கோ வகுப்பிலேயே நானும் சேர்ந்தேன், உங்களைக் காவல் காக்க.

ஊரையும் குடும்பத்தையும் விட்டுக் கப்பலேறி அர்ஜென்டினாத் துறைமுகத்துக்கு வந்த ஏழைகள் நடுவில் பிறந்த ஆட்டம் இது என்று அவள் சொன்னாள். நீங்கள் என் காதுக்குள், "அப்ப எங்கட ஆக்கள்தான். அகதி முகாமில இருக்கேக்க இது தெரியாமப் போச்சு" என்றீர்கள். நான் சிரித்ததில் கால் தடுமாறியது.

ஆட வரச்சொல்லி அங்கே யாரும் வாயால் கேட்பதில்லை. தூர இருந்து பார்ப்பார்கள். திருப்பிப் பார்த்தால் சம்மதம், கண்ணைத் தாழ்த்தினால் இல்லை. அந்நிய ஆண்களை நிமிர்ந்து பாராமலே வளர்ந்த எனக்கு அது வசதியாகிவிட்டது. எதிர்க் கதிரையில் நீங்கள் இருப்பீர்கள். இசை தொடங்கியதும் அங்கே மட்டும் நிமிர்ந்து பார்ப்பேன், நீங்கள் எழுந்து வருவீர்கள்.

"இஞ்சாரும், மற்றவையையும் நிமிர்ந்து பாரும். பலரோட ஆடினால்தான் பழகலாம்."

"எனக்கு ஏலாது. உங்களோட ஆடுறதே காணும், வேற ஒருத்தரும் வேண்டாம்."

"நான் இல்லாட்டி என்ன செய்வீர்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ."

இன்று ஆடவேண்டும் என்று நான் போகவில்லை. உங்கள் ஆட்டச் சப்பாத்தை யாராவது புதிதாகப் படிப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், கோப்பி குடித்துவிட்டுப் போ என்று இருத்தினாள். இசை தொடங்கியது. பழக்கதோஷத்தில் நான் எதிர்க் கதிரையை நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

அங்கே வேறொருவர் இருந்தார். நான் உங்களைத் தேடியது அவருக்கு எப்படித் தெரியும்? சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். தவறுதலாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எழுந்தேன். எத்தனையோ மாதங்களாக யாரும் என்னை அணைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது பாட்டில் உங்களை மறந்தே போனேன். சந்தோசமாக இருந்தது. பொய் சொன்னதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஒருவரோடு எழுந்தால் நாலு பாட்டுக்குச் சேர்ந்து ஆடுவது அங்கே வழக்கம்; கடைசிப் பாட்டில்தான் ஒன்று நடந்தது. அவர் அடியெடுத்து வைத்தார், என் கால் எழவில்லை. இடது முழங்கால் நோவால் ஒவ்வொரு முறையும் அடி வைக்கமுன் நீங்கள் கொஞ்சம் தாமதிப்பீர்களே, அதற்காக என் உடம்பு காத்து நின்றது. அவர் பதறிப்போய், "நான் அவசரப்பட்டுவிட்டேனா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பிறகு அவரும் என்னோடு தாமதித்துத் தாமதித்து ஆடினார், ஏனென்று தெரியாமலே.

சப்பாத்தை நான் கொடுக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்து உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அடுத்த கிழமையும் போவேன் போலிருக்கிறது. கோபிக்காதேங்கோ.