பலகையைத் தட்டிய பெண்

என் அண்ணாவுக்கு,

உன் வைக்கிங் கதை அச்சுக்குப் போகப்போகிறது. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நீ கண்மூடியதால் பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லி அண்ணி நீ எழுதிய கொப்பியை என்னிடம் தந்து மூன்று கிழமையாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

இங்கே பலேர்மோவின் பொலிதேயாமாப் பகுதியில் நீ சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட கிழவர் மதியம் கண்ணயரும் நேரங்களில்தான் அவ்வளவையும் எழுதினாய். பல்லரோச் சந்தையில் மீன் வாங்கும்போதும் அதே கதைதான். "இந்தப் பலேர்மோவைப் பிடிச்சு ஆண்ட நோர்மன்காரர் ஆர் தெரியுமே? கப்பலிலை வந்து கொள்ளையடிச்ச வைக்கிங்குகளின்ரை வழி வந்தவை!" நான் சிரிப்பேன். அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன?

வாசித்த பிறகுதான் விளங்கியது. கொள்ளையரின் கப்பல்கள் ஒரு வடதீவின் கரையேறுகின்றன. கூரைகள் எரிகின்றன. தாய் தகப்பனைத் தொலைத்த அண்ணனும் தங்கையும் தானியக் குழிக்குள் இறங்கிப் பலகையால் மூடிக்கொள்கிறார்கள். மேலே ஒரு பெண் பலகையைத் தட்டுகிறாள். அவள் கையில் குழந்தை அழுகிறது. "இடமில்லை" என்கிறான் அண்ணன். அதற்குமேல் வெறுந்தாள்.

அது வன்னியில் நாங்கள் ஒளிந்திருந்த பங்கர், மண்ணில் வெட்டிய பதுங்குகுழி. ஷெல் விழுந்துகொண்டிருந்த காலை. வாயிலில் இழுத்துவைத்த தகரத்தை அந்தப் பெண் தட்டினாள்.

ஆனால் "இடமில்லை" என்று சொன்னது நீயில்லையே. நீ எழுந்து தகரத்தில் கைவைத்தாய். உன் சேர்ட்டைப் பிடித்து இழுத்தது நான். "திறக்காதை அண்ணா, இடமில்லை." எனக்குப் பன்னிரண்டு வயது. இடம் இருந்தது.

ஏன் மாற்றி எழுதினாய்?

நேற்று மதியம் கதவு தட்டப்பட்டது. அல்பெர்கேரியாப் பகுதியின் இந்தச் சின்ன வீட்டில் யார் தட்டினாலும் நான் மூச்சையடக்கி நிற்பது உனக்குத் தெரியும். நேற்றும் நின்றேன்.

"மச்சாள், நான்தான். திறவுங்கோ."

அண்ணி. உள்ளே வந்ததும் மேசையில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். "முடிச்சிட்டீங்களே?"

"ஏலாமக் கிடக்கு அண்ணி."

பிறகு சொல்லிவிட்டேன். சேர்ட்டை இழுத்ததை, இடம் இருந்ததை, எல்லாவற்றையும். உன்னோடு சேர்த்து அண்ணியையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

அண்ணி கொப்பியை எடுத்துக் கடைசித் தாளைத் திருப்பினார். "நித்திரையிலை 'நான்தான் திறக்கேல்லை' எண்டு அழுவார். ஒருநாளும் உங்கடை பேர் வரேல்லை." கண்ணைத் துடைத்தார். "எனக்கு உங்களிலை கோவம் மச்சாள். இல்லை எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா நடந்ததை எழுதுங்கோ. அவர் செய்யாததை அவர் தலையிலை வைச்சு அச்சடிக்க விடாதேங்கோ."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

இன்று எழுதினேன். "இடமில்லை" என்பதை அண்ணன் வாயிலிருந்து எடுத்துத் தங்கை வாயில் வைத்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுது போனது.

அடுத்தது என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் தகரத்தை நீக்கியபோது அங்கே ஒருவரும் இல்லை. ஒற்றைச் செருப்பு மட்டும் கடற்கரைப் பக்கம் பார்த்துக் கிடந்தது. நாங்கள் மறுபக்கம் ஓடினோம். நீ இருக்கும் இடத்தில் அவளைக் கண்டாயா? காணவில்லையென்றால் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?

கதையில் அவளைச் சாகடிக்கவும் மாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன். எனக்குத் தெரியாதே. தங்கை மட்டும் குழியிலிருந்து ஏறி, எரியும் கரையில் அந்தப் பெண் போன திசையில் நடப்பாள். அத்தோடு முடிகிறது.

புத்தகம் வந்ததும் இங்கேயுள்ள வன்னிச் சனத்தைக் கூப்பிட்டு அண்ணி கதையை வாசித்துக்காட்டப் போகிறார். அன்று குழந்தைகளோடு பங்கர் பங்கராய்த் தட்டித் திரிந்தவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். பயம் போகவில்லை அண்ணா. அந்தப் பயத்தோடேயே எழுந்து, அந்தத் தங்கை நான்தான் என்று சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இனி உன் முதுகுக்குப் பின்னால் ஒளியாத,
உன் தங்கை