தேடலில் ஏறாத கதை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நல்ல அவமானம். பல் கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், வரவேற்பு மேசைக் கணினியில் என் பெயரைத் தேடினேன். ஒரு தோல் மருத்துவர் வந்தார். ஒரு நீச்சல் பயிற்சியாளர் வந்தார். இரண்டு வருடமாகக் கதை எழுதி இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கும் நான் வரவே இல்லை. வீட்டில் தேடும்போதெல்லாம் என் தளம்தானே முதலில் நிற்கும்? வீட்டுக் கணினி ஆளைத் தெரிந்துவைத்துக்கொண்டு இத்தனை நாள் ஐஸ் வைத்திருக்கிறது.

தேடலில் மேலே ஏறும் வித்தைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயராம். கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். தளத்தை அமைத்துக் கொடுத்தது இவர்தான். அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ எழுது, நான் பாத்துக்கறேன் என்றார். சமையலறைக் குழாய் ஒழுகும்போதுகூட இந்த வார்த்தை வந்ததில்லை. இதில் என்னமோ இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று வீடியோ பாடம் பார்த்தேன். பாடம் நடத்துகிறவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார், அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ஜனங்கள் எந்தச் சொற்களை அடித்துத் தேடுகிறார்களோ அதையே தலைப்பாக வைக்க வேண்டுமாம். என் கதையின் தலைப்பு ‘வாசல்வரை’. தேடிப் பார்த்தேன், கதவு விற்கும் கடைகள் வரிசையாக வந்தன. ‘ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா? ஐந்து எளிய வழிகள்’ என்று மாற்றிவிடலாமா? செத்தாலும் மாட்டேன்.

நான் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். ஆஸ்பத்திரியில் அப்பா சாகக் கிடக்கிறார். மகன் தினமும் வாசல்வரை வருகிறான், எதிர்க்கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். கடைசிவரை உள்ளே போவதில்லை. நாலு பேர் படித்தால் போதும் என்று நான் ஆசைப்படுவது அந்த ஒரு கதைக்காகத்தான்.

மார்ச் 14, வெள்ளி

போன வாரம் விவரம் கேட்டு வைத்திருந்தேன், முதல்பக்கம் இன்று போன் செய்தார். ‘கூகுளில் முதல் பக்கம், உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிற ஆள், அதனால் நான் வைத்த பெயர். தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்டார். நல்லாயிருக்கே கதை! தர முடியாது என்றேன். அப்போது ஒன்று சொன்னார்.

"மத்த கதையெல்லாம் எங்கயோ பின்னாடியாவது இருக்கு மேடம். ‘வாசல்வரை’ மட்டும் தேடல்ல ஏறவே இல்லை. யாரோ வேணும்னே தடுத்து வெச்சிருக்காங்க."

உங்கள் வீட்டில் திருடன் இருக்கிறான் என்று பயம் காட்டிப் பூட்டு விற்கிற கூட்டம். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

அவர் சொன்னது நிஜம்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அமைப்புகளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: ‘தேடுபொறிகளில் காட்ட வேண்டாம்.’ எல்லாக் கதையிலும் அது காலி. ‘வாசல்வரை’யில் மட்டும் டிக்.

டிக் தானாக விழுமா? முதல்பக்கத்திடம் பாஸ்வேர்டு இல்லை. நாத்தனார்மேல் சந்தேகம் போனது. எங்க வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்றியா என்று ஒருதரம் கேட்டவர்தான். ஆனால் இணையத்தில் மின் கட்டணம் கட்டவே அவர் எனக்குத்தான் போன் செய்வார்.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் இவரும்.

இவரா? பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே, இன்னிக்கு என்ன எழுதினேன்னு கேட்டுக்கிட்டே— இவரா?

மார்ச் 16, ஞாயிறு

கேட்கவில்லை. கவனிக்கிறேன். துணி மடிக்கிறார், செய்தி பார்க்கிறார். ஒன்றும் தெரியாத முகம்.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். மறுப்பார், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். மறுக்கவில்லை.

அந்த மகன் இவர்தான். நாலு வருடத்துக்கு முன்னால் மாமனாரோடு வார்டில் இருந்தது நான். ஜன்னல் வழியாகக் கீழே பார்ப்பேன். இவர் எதிர்க்கடையில் நிற்பார். வேலை முடிய லேட்டாயிடுச்சு என்று வீட்டில் சொல்வார். பார்த்தேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, கதையில்தான் எழுதினேன்.

"நீ பாத்தேன்னு எனக்கு அந்தக் கதையைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது" என்றார்.

அப்படியென்றால் அழித்திருக்கலாமே, ஒரே பொத்தான்தானே என்றேன்.

"அழிக்க மனசு வரல. நல்லா எழுதியிருக்க. உன் கதைகளைப் படிச்சுக்கிட்டே வர்றவங்க அதையும் படிக்கட்டும். யாரும் தேடிப்பிடிச்சு வந்து என்னைப் பாக்க வேணாம்னுதான்..."



மார்ச் 23, ஞாயிறு

இன்னும் டிக்கை எடுக்கவில்லை. கதை என்னுடையது. எடுத்தால் என்ன? இரண்டு தடவை மௌஸை அங்கே கொண்டுபோய்த் திரும்பினேன். கோபம் வருகிறது, இவர்மேலா என்மேலா தெரியவில்லை. ஒரு மனிதன் ஒளிந்து நின்றதை எழுதிவிட்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டேனே.

ஏப்ரல் 2, புதன்

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, அந்த டிக்கை எடுத்துட்டேன் என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு, கிளினிக்குக்குப் போனதும் முதல் வேலையாகச் சரிபார்த்தேன். நிஜமாகவே எடுத்திருந்தார். எதற்கு? என் வாயை அடைக்கவா? நான் உம்மென்று இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமலா? இதற்குக்கூட உள்நோக்கம் தேடுகிறேன், என்ன ஜென்மமோ.

மே 8, வியாழன்

யார் எந்தச் சொற்களைத் தேடி என் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் அறிக்கை ஒன்று உண்டு. ஆள் யாரென்று தெரியாது, அடித்த சொற்கள் மட்டும் தெரியும். தேக்குக் கதவு விலை கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், பாவம். அதற்குக் கீழே இது இருந்தது:

‘அப்பா ஐசியூ உள்ளே போய் பார்க்க தைரியம் இல்லை’

ஒரே ஒருவர். வந்தது ‘வாசல்வரை’க்கு. முதலில் இவர்தான் அடித்திருப்பார் என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். நிமிரவே இல்லை.

"இவர் உள்ள போனாராமா?"

"அதெல்லாம் இதுல தெரியாதுங்க."

என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கதை முடிந்ததும் கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார்.

"பயந்தாலும் பரவாயில்லை, போயிடுங்கன்னு. வெளியவே நின்ன ஒருத்தன் சொல்றதா."

என் கதையின் முடிவில் ஒரு கமாவைக்கூட யாரையும் தொடவிட்டதில்லை. எழுந்து நாற்காலியை இவரிடம் கொடுத்தேன்.