செத்த இடம் இல்லாத கிட்டார்

2025 ஏப்ரல் 17, வியாழன்

அக்கரைப்பற்றுக்குப் போய் வந்தேன். வாங்குவதற்கென்று பார்க்கிற பதினான்காவது பேஸ் கிட்டார். "புதுசு மாதிரி மச்சான், ரெண்டே ரெண்டு நிகழ்ச்சி" என்றான் விற்கிறவன். கழுத்தில் வெடிப்பு. அதற்கு மேல் பெண்கள் நகத்துக்குப் பூசும் பூச்சைப் பூசி வைத்திருக்கிறான்! நான் டெலிபோன் டவரில் ஏறித் துருப்பிடித்த நட்டு பார்க்கிற தொழில்காரன். எனக்கே நகப்பூச்சா?

வழக்கம்போலக் கழுத்திலுள்ள ஃப்ரெட் கட்டுகளில் ஒவ்வொன்றாகக் கம்பியை அழுத்தித் தட்டினேன், சத்தம் நிற்கிற நேரம் பார்த்தேன். மெல்லிய கம்பியில் ஏழாவது ஃப்ரெட். பக்கத்து இடங்களில் ஒன்பது விநாடி நிற்கிற சத்தம் அங்கே மட்டும் மூன்று விநாடியில் போய்விட்டது. செத்த இடம். எல்லாப் பேஸிலும் எங்கேயாவது ஒன்று இருக்கும் என்கிறார்கள். ஏன் இருக்க வேண்டும்? மரம் வெட்டுகிறவனுக்கும் கம்பி மாட்டுகிறவனுக்கும் வெட்கமில்லையா?

முன்பெல்லாம் விநாடி எண்ணுவது என் மனைவி றுமைஸா. இன்று நானே தட்டி நானே எண்ணினேன். இரண்டு தடவை எண்ணிக்கை பிழைத்தது.

ஏப்ரல் 21

பள்ளிவாசலால் வரும்போது மூன்று பேர் நிறுத்தி ஸபுர் செய்யச் சொன்னார்கள், பொறுமையாக இருக்கவாம். மூன்று பேருக்கும் மனைவிமார் வீட்டில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஹாதிக் வந்தான். றுமைஸாவின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். நேராகக் கேட்க மாட்டான்.

"மச்சான், சாய்ந்தமருதில ஒங்கட உம்மா தனியத்தானே இரிக்கா?"

"ஓம்."

"பாவம், என்ன."

எங்கள் பக்கம் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பவன். பெண் இறந்துபோய், பிள்ளையும் இல்லையென்றால் வந்தவன் தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எனக்கும் தெரியும்டா. அதைச் சொல்லவா என் உம்மா மேல் இவ்வளவு இரக்கம்? போகும்போது வெறும் கிட்டார்ப் பெட்டியைக் காலால் தள்ளினான். "மையத்து எடுத்து அடக்கின ஊடு மச்சான், இதுகள உள்ளுக்கு வெச்சிரிக்கிறீங்க."

அடுப்படியிலிருந்து மாமி, றுமைஸாவின் உம்மா, சத்தம் போட்டார். "அந்த மனிசன் டியூட்டில நிண்டு ஓடி வந்தவர். அவர ஒண்டும் கேக்காத!"

டியூட்டி. திரும்பவும் அந்தச் சொல்.

மே 5

இங்கேயாவது எழுதுகிறேன்.

ஜனவரி எட்டாம் திகதி நான் டியூட்டியில் இல்லை. கண்டியில் நின்றேன். ஒரு சிங்கள ஐயாவிடம் பழைய பேஸ் ஒன்று இருக்கிறது, பார்த்தே ஆக வேண்டும் என்று போனேன். றுமைஸாவுக்கு அன்று காய்ச்சல் நாலாம் நாள். "சும்மா காய்ச்சல்தான், பனடோல் போட்டுட்டன். இத உட்டா ஒரு வருசத்துக்குப் பொலம்புவீங்க. பாத்துட்டு வாங்க" என்றாள். ஐயாவின் கேற்றில் கை வைக்கும்போது முதல் போன் கோல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று. மகியங்கனையில் பஸ் நின்றபோது இரண்டாவது. டெங்கு, மௌத்தாகிவிட்டாள் என்று.

வந்து இறங்கும்போதே முற்றத்தில் எல்லோரும் "டியூட்டில நிண்ட மனிசன்" என்று கதைத்துக்கொண்டு நின்றார்கள். யார் சொன்னதென்று தெரியாது. நான் சொல்லவில்லை. மறுக்கவுமில்லை. நாலு மாசமா அந்தப் பொய்க்குள்ள இரிந்து மாமிட சோத்தத் திங்கிறன்.

மாமிக்குச் சொல்ல வேண்டும். இந்த வீட்டை விட்டுப் போக முதல் சொல்ல வேண்டும்.

மே 6

சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

செல்லத்தம்பி பெரியநீலாவணையிலிருந்து வந்தான். எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன், அவன்தான் ட்ரம்ஸ், அவன்தான் வான் ஓட்டுகிறவனும். ஜூலையில் நிகழ்ச்சியாம். "வாவன்டா" என்றான். கையில் கிட்டார் இல்லை என்றேன்.

"பதினாலு பாத்திட்டாய். பதினாலுலயும் குறை. டேய், நீ கிட்டார் தேடுறியா, பொம்பள பாக்கிறியா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. முகம் செத்துவிட்டது. நான் சிரித்திருக்கலாம். "எழும்பிப் போடா" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டான். அவன்மேல் என்ன கோபம் எனக்கு? றுமைஸா இருந்திருந்தால் அதைவிட மோசமாகக் கேட்டிருப்பாள்.

மே 26

கண்டி ஐயா கோல் எடுத்தார். அந்தப் பேஸை இன்னும் விற்கவில்லையாம். கேற்றடியிலேயே திரும்பி ஓடினீர்களே, அதனால் வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை என்றார். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: உங்கள் வீட்டு நோனாவின் காய்ச்சல் எப்படி?

கட் பண்ணினேன்.

என்ன உரிமை அந்தாளுக்கு? அவவுக்குக் காய்ச்சல் எண்டு நானே சொல்லிட்டு ஓடினன். மறக்காமக் கேக்கிறார். ஊரில ஒருத்தனும் கேக்காத கேள்வி.

ஜூன் 12, வியாழன்

கண்டிக்குப் போனேன்.

உண்மையை எழுதுகிறேன்: குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கழுத்து வளைந்திருக்கும், செத்த இடம் இருக்கும், அவர் மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும், இந்தக் குப்பைக்காகவா நான் அன்றைக்கு வந்தேன் என்று. பஸ்ஸில் வசனம்கூடத் தயார் செய்தேன்.

நாலு கம்பி, இருபது ஃப்ரெட். எண்பது இடத்தையும் தட்டினேன். ஐயா பக்கத்தில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக எண்ணினார். ஏழாவது ஃப்ரெட், ஒன்பது விநாடி. எட்டாவது, ஒன்பது. திரும்பத் தட்டினேன். பத்து.

செத்த இடம் இல்லை. ஒன்றுமேயில்லை.

ஆறு வருடம் தேடியது மடியில் கிடக்கிறது, எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு குறையாவது இருந்திருக்கக் கூடாதா? றுமைஸா மௌத்து என்று அவரிடம் சொன்னேன். அவர் மணிக்கூட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஸபுர் என்ற சொல் அவருக்குத் தெரியாது, நல்லது.

எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தேன். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை முன்னால் வைத்தேன்.

"மாமி, ஜனவரில நான் டியூட்டில நிக்கல்ல. இதப் பாக்கத்தான் கண்டிக்குப் போனன்."

சுளகு நிற்கவில்லை. "தெரியும் மகன்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரில வெச்சி றுமைஸாவே சொன்னா. 'உம்மா, அவர் கிட்டார் பாக்கப் போயிரிக்கார், காக்காட்ட சொல்லிராதீங்க, தின்னாமக் கொன்டுருவார்' எண்டு. அதுதான் டியூட்டி எண்டு எல்லாருக்கும் நான் சொல்லிட்டன்."

அஞ்சு மாசம்! அஞ்சு மாசமாத் தெரிஞ்சிக்கிட்டு எனக்குச் சோறு போட்டிரிக்கா! எனக்கு வந்த கோபம் — நான் சத்தம் போட்டேன். அப்ப ஏன் என்னை ஏசவில்லை, ஒரு வார்த்தை ஏசினால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன்.

சுளகு நின்றது.

"ஏசட்டா? ஏசுறன்! காய்ச்சல்ல கெடந்த புள்ளய உட்டுட்டு ஒரு பலகையப் பாக்கப் போன மனிசன் நீங்க! அவ போகச் சொன்னா போறதா? அவ எப்பதான் தனக்கு ஏலா எண்டு சொல்லிரிக்கா? ரெண்டு வருசம் குடும்பம் நடத்தின ஒங்களுக்கு அது தெரியாதா? படிச்ச மனிசன்! டவர்ல ஏறத் தெரியும், பொஞ்சாதிட மொகத்தப் பாக்கத் தெரியாது!"

நிறுத்தவேயில்லை. பக்கத்து வீட்டு மதிலில் தலைகள் தெரிந்தன. "பாத்தது காணும், உள்ளுக்குப் போங்க!" என்று அவர்களுக்கும் விழுந்தது. அரிசி முற்றம் முழுக்கச் சிந்திவிட்டது. நான் குந்தி அரிசி பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்கக் கண் தெரியவில்லை. மையத்து எடுத்த அன்றுகூட நான் அழவில்லை.

மாமியும் வந்து குந்தினார். "கல்லும் சேத்துப் பொறுக்கிறீங்க" என்றார், அதே கோபத்தோடு.

ஜூன் 20

ஹாதிக்கிடம் நானே சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் உம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று. கண்டிக் கதையையும் சொன்னேன். ஏசினான். மாமி அளவுக்கு அவனுக்கு வராது.

ஜூன் 28, சனி

செல்லத்தம்பி வீட்டில் ஒத்திகை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர, மாமி கேட்டார்.

"எங்க போறீங்க?"

"கிட்டார் அடிக்கப் போறன் மாமி. பெரியநீலாவணைக்கு."

"எத்தின மணிக்கு வருவீங்க?"

"ஆறு."

"ஆறெண்டா ஆறு."

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்துவிட்டேன்.